கயிறு யார் கையில்?

கேமன் தீவுகள் என்றதும் ஆபீஸில் நாலு பேர் கூடும் இடத்தில் ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். கறுப்புப் பணம். வருமான வரி கிடையாது, கம்பெனி லாபத்துக்கு வரி கிடையாது. பிரிட்டிஷ் கொடி பறக்கும் மூன்றே மூன்று குட்டித் தீவுகள். உலகத்துப் பெரிய மனிதர்கள் பணத்தை ஆழமாகப் புதைத்து வைக்கிற இடம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அந்த ஆழம் இல்லை. நிஜமான ஆழம்.

1503-ஆம் வருஷம் மே 10-ஆம் தேதி கொலம்பஸ் இந்தப் பக்கம் வந்தபோது தண்ணீர் முழுக்க ஆமைகள். 'ஆமைத் தீவுகள்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்கள் கண்ணில் முதலை பட்டது. 'கேமன்' என்று பெயர் மாறிவிட்டது. ஆமை போய் முதலை வந்து, முதலை போய் பாங்க் வந்தது. மூன்றுக்கும் தோல் தடிமன்.

சரியாகச் சொன்னால் இவை தீவுகளே இல்லை. கடலுக்கடியில் நிற்கும் ஒரு மலைத்தொடரின் உச்சிகள். மூன்று உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தெற்கே, ஜமைக்காவுக்கும் இதற்கும் நடுவில், கேமன் பள்ளம். ஆழம் 7,600 மீட்டருக்கு மேல். எவரெஸ்டைத் தூக்கி உள்ளே நிறுத்தினால் உச்சியில் ஒரு 1,200 மீட்டர்தான் வெளியே தெரியும்.

லிட்டில் கேமன் தீவில் 'பிளடி பே' என்று ஒரு வளைகுடா. கரையிலிருந்து நீந்திப் போகிறீர்கள். கீழே இருபது அடியில் வெள்ளை மணல், பவழம், கலர் கலராக மீன். அலங்கார மீன் தொட்டி மாதிரி சுகமாக இருக்கிறது. திடீரென்று தரையைக் காணோம்! கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மாதிரி நேர் செங்குத்தாக ஒரு சுவர் இறங்குகிறது. நீலம், கருநீலம், அப்புறம் கறுப்பு. சுவர் முழுக்க ஆள் உயர விசிறி, பீப்பாய் சைஸில் கடற்பஞ்சு. முதல் தடவை அதன் மேலே நீந்துகிறவர்களுக்கு வயிற்றில் ஜிலீர் என்கிறது என்கிறார்கள். விழமாட்டோம், மிதந்துகொண்டுதான் இருப்போம் என்று மூளைக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாது.

★ ★ ★

இந்தச் சுவரைப் பார்க்க மூன்று வழி. ஒன்று, முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குவது. பொழுதுபோக்காக இறங்குகிறவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லைக்கோடு. இன்னும் போனால் நைட்ரஜன், காலி வயிற்றில் சாராயம் மாதிரி தலைக்கு ஏறும். இரண்டாவது, டிக்கெட் வாங்கிக்கொண்டு நீர்மூழ்கிக் கப்பலில் உட்காருவது. மூன்றாவது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேருவது.

முதலாவதை விட்டுவிடுவோம். மற்ற இரண்டும் நேர் எதிர். ஒன்றில் நீங்கள் கடலைத் தொடவே மாட்டீர்கள். இன்னொன்றில் கடல் உங்களைத் தொடாத இடமே இருக்காது, நுரையீரல் உள்பட.

டூரிஸ்ட் நீர்மூழ்கியை முதலில் ஓட்டிக் காட்டிய தேசம் எது தெரியுமா? கடலே இல்லாத சுவிட்சர்லாந்து. 1960-ல் டான் வால்ஷுடன் பசிபிக் பெருங்கடலின் அடிமட்டம் வரை போய்வந்த ஜாக் பிக்கார்ட் என்ற மனிதர், 1964-ல் லௌஸான் நகரத்தில் நடந்த கண்காட்சிக்காக 40 பேர் உட்காரும் நீர்மூழ்கி ஒன்றைக் கட்டி, அப்பா அகஸ்ட் பிக்கார்டின் பெயரையே அதற்கு வைத்து, ஜெனீவா ஏரிக்குள் இறக்கினார். சுமார் 33,000 பேர் ஏறி இறங்கினார்கள். ஏரித் தண்ணீரில் அப்படி என்ன தெரிந்திருக்கும் என்று கேட்காதீர்கள். ஜனங்களுக்குக் காட்சியா முக்கியம்? போய்விட்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கரிபியனுக்கு அது வந்தது 1986-ல். கனடா கம்பெனி ஒன்று கிராண்ட் கேமனில் 'அட்லாண்டிஸ்' என்ற பெயரில் ஆரம்பித்தது. பின்னால் வந்த பெரிய கப்பல்களில் 48 ஸீட். நீளம் 65 அடி. இறங்கும் ஆழம் 100 அடி. நடுவில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை, முன்னால் வட்ட வட்டமாகக் கண்ணாடி ஜன்னல். டவுன் பஸ்ஸில் எல்லோருக்கும் ஜன்னல் ஸீட் கிடைத்தால் எப்படி இருக்கும்? அப்படி.

உள்ளே காற்றழுத்தம் வீட்டில் இருப்பதேதான். காது அடைக்காது. வெளியே நூறு அடியில் கடல் நாலு மடங்கு அழுத்தத்தோடு கப்பலை நசுக்கப் பார்க்கும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பாட்டியம்மாவும் வருவார், பேரனும் வருவான்.

கீழே போகப் போக ஒரு வேடிக்கை. சூரிய வெளிச்சத்தில் சிவப்பைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது நீலம் மட்டும். ஜோராகச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஆசாமி, சுவர் பக்கம் போய்ச் சேர்வதற்குள் சாம்பல் சட்டைக்காரராகிவிடுவார். பக்கத்து ஸீட் அம்மாளின் லிப்ஸ்டிக் நீலம் பாரித்துவிடும். கீழே கையைக் கிழித்துக்கொண்ட டைவர்கள் பச்சை ரத்தத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

இந்த வகைக் கப்பலில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அதைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசாகவே வைத்திருப்பார்கள். மோட்டார் போட்டு அழுத்தித்தான் கீழே தள்ளுவார்கள். கரண்ட் போனால்? தானாக மேலே வந்துவிடும். போதாக்குறைக்கு மேலே ஒரு படகு கூடவே வந்துகொண்டிருக்கும், பேசிக்கொண்டே இருக்கும். பயணத்துக்கு முன்னால் ஒருவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வாகப் பார்த்து டிக் அடிப்பார். தினமும், ஒவ்வொரு தடவையும், அதே டிக். நம் ஆபீஸ் ரிஜிஸ்டரைவிட அலுப்பான வேலை. இந்த அலுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் இனிமேல் வரப்போகும் உயிர்களெல்லாம் இதில்தான் தொங்குகின்றன.

★ ★ ★

நூறு அடி போதாது என்கிற பேர்வழிகளும் உண்டு. அவர்களுக்காக 1980-களில் அதே கிராண்ட் கேமனில் சின்ன நீர்மூழ்கி ஓடியது. ஒரு பைலட், இரண்டே பயணிகள். 800 அடி வரை இறங்கும்.

அங்கே காட்சி மாறிவிடுகிறது. பவழம் வெளிச்சத்தில் வாழும் ஜீவன். வெளிச்சம் குறையக் குறைய அது ஒதுங்கி, கடற்பஞ்சுகள் சுவரைப் பிடித்துக்கொள்கின்றன. அதற்கும் கீழே, மேலிருந்து எப்போதோ பெயர்ந்து விழுந்த வீடு அளவுப் பாறைகள் சரிவில் நிற்கின்றன. அவற்றின் மேல் கடல் அல்லிகள். பெயர்தான் அல்லி, காம்பு வைத்துப் பூ மாதிரி நிற்பது ஒரு பிராணி. டைனோசருக்கு ரொம்ப முன்னாலேயே அதன் வம்சம் பூமியில் இருந்தது. டைனோசர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அது பாட்டுக்கு நிற்கிறது.

1976 ஜனவரியில் ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்கு வெளியே புயலில் சிக்கி 'கர்க் பிரைட்' என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. பள்ளத்தின் அடிக்கே போயிருக்கும் என்று எல்லோரும் கை கழுவிவிட்டார்கள். 1985-ல் ஒரு சின்ன நீர்மூழ்கி சுவர் ஓரமாக ஊர்ந்து போனபோது விளக்கு வெளிச்சத்தில் கப்பல்! சுமார் 800 அடியில், சரிவில், பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. பரணில் போட்டு மறந்த அண்டா மாதிரி ஒன்பது வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.

தெற்கே குராசோ தீவில் இன்னும் உருப்படியான காரியம் நடந்தது. அங்கே டூரிஸ்ட்டுகளை ஏற்றிய 'குராஸப்' என்ற நீர்மூழ்கியிலேயே அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் விஞ்ஞானிகளும் ஏறிக்கொண்டார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மீன் எண்ணுவதுதான் வேலை. சிரிக்க வேண்டாம். எண்ணி எண்ணி 2018-ல் கடலில் ஒரு புது மாடியையே கண்டுபிடித்தார்கள். 130 மீட்டரிலிருந்து சுமார் 300 மீட்டர் வரை, மேலே இருப்பதும் இல்லாமல் ஆழ்கடலில் இருப்பதும் இல்லாமல் தனி மீன் கூட்டம் ஒன்று குடித்தனம் நடத்துகிறது. வெளிச்சம் அரிதாக இருக்கும் மண்டலம் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். பேர் இல்லாத மீன்கள் நிறையக் கிடைத்தன.

இதில் என்ன லாபம் என்பீர்கள். சொல்கிறேன். கரிபியன் பவழம் ரொம்ப நாளாக நோயாளி. 1983-ல் பாசியை மேய்ந்து பவழத்தைச் சுத்தமாக வைத்திருந்த, முள்ளம்பன்றி மாதிரி முள் சிலிர்த்த கறுப்பு உருண்டைகள் நோய் வந்து கொத்துக் கொத்தாகச் செத்தன. கரிபியன் முழுக்கப் பத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2014-ல் ஃப்ளோரிடா பக்கம் ஆரம்பித்த பவழ வியாதி தீவு தீவாகத் தாவி 2020-ல் கேமனுக்கு வந்தது. 2023-ல் கடல் சூடேறிப் பவழங்கள் வெளுத்தன. மேலே கெட்டுப்போனால் பரவாயில்லை, கீழே ஆழத்தில் குளிர்ச்சியாக இருக்கிறதே, அங்கிருந்து மறுபடி குடியேறும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. மேல் மாடியில் தீப்பிடித்தால் கீழ் மாடிக்கு ஓடிவிடலாம் என்கிற மாதிரி. நீர்மூழ்கியில் போய்ப் பார்த்தால் கீழ் மாடியில் இருப்பது பெரும்பாலும் வேறு குடும்பம். தூரத்துச் சொந்தம்தான், ஆனால் மேலே வந்து இருக்கமாட்டோம் என்கிறார்கள். ஆகவே மேல் மாடியை மேல் மாடியாகத்தான் காப்பாற்ற வேண்டும்.

★ ★ ★

ஹோண்டுராஸ் நாட்டுக்குச் சொந்தமான ரோவாட்டான் தீவு. பள்ளத்தின் தெற்குப் பக்கம். அங்கே கார்ல் ஸ்டான்லி என்ற அமெரிக்கர் 1998 முதல் டூரிஸ்ட்டுகளைத் தன் நீர்மூழ்கியில் ஏற்றி இறக்கினார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயதிலேயே நீர்மூழ்கி கட்ட ஆரம்பித்த பிரகிருதி. அவர் கட்டிய 'ஐடபெல்' இரண்டு பயணிகளோடு 600 மீட்டர் வரை போகும். ஆறு செவுள் சுறாவை நேருக்கு நேர் காட்டுவார்.

இந்த ஸ்டான்லி 2019 ஏப்ரலில் பஹாமாஸில் வேறொருவருடைய நீர்மூழ்கியில் விருந்தாளியாக ஏறினார். உள்ளே போகப் போக 'டப் டப்' என்று விரிசல் விடும் சத்தம். மேலே வந்ததும் அதன் சொந்தக்காரருக்குச் சுற்றி வளைக்காமல் எழுதினார். உடம்பில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, அவசரப்பட்டு ஆளை ஏற்றாதீர்கள் என்கிற தோரணையில்.

அந்தக் கப்பலின் பெயர் 'டைட்டன்'. சொந்தக்காரர் ஸ்டாக்டன் ரஷ். 2023 ஜூன் 18 அன்று, மூழ்கிய டைட்டானிக்கைப் பார்க்க 3,800 மீட்டர் ஆழத்துக்குக் கிளம்பி, வழியிலேயே உள்பக்கமாக வெடித்து நொறுங்கியது. ரஷ் உள்பட ஐந்து பேர் போனார்கள். ஒருவன் 19 வயதுப் பையன், அப்பாவோடு வந்தவன். கார்பன் ஃபைபரில் செய்த உடம்பு. வெளி நிபுணர்களைக் கூப்பிட்டுச் சோதித்துத் தரச் சான்று வாங்கவில்லை. அதெல்லாம் புதுமைக்குத் தடை என்பது ரஷ்ஷின் கட்சி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் அறிக்கை வந்தது. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று எழுதிவிட்டார்கள்.

ஆழத்துக்குப் போனால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2025 மார்ச் 27-ல் எகிப்தின் ஹுர்கடாவில், கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு டூரிஸ்ட் நீர்மூழ்கி மூழ்கி ஆறு பேர் இறந்தார்கள். கடலுக்கு 20 மீட்டரும் ஒன்றுதான், 4,000 மீட்டரும் ஒன்றுதான். கவனம் தப்புகிற இடத்தில் உள்ளே வரும்.

★ ★ ★

இனி மூன்றாவது வழி. கப்பல் இல்லை, சிலிண்டர் இல்லை. ஒரே ஒரு மூச்சு.

கணக்கு லேசானது. உங்கள் நுரையீரலில் ஆறு லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் இறங்கினால் அது மூன்று லிட்டராகச் சுருங்கும். 30 மீட்டரில் ஒன்றரை. முழு பலத்தோடு மூச்சை வெளியே விட்டாலும் உள்ளே மிஞ்சுகிற அளவு ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குமேல் போனால் விலா எலும்பு அப்பளம் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் அடித்துச் சொன்னார்கள். 1961-ல் இத்தாலிக்காரர் என்ஸோ மையோர்கா 50 மீட்டர் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். டாக்டர்கள் புஸ்தகத்தைப் புரட்டினார்கள்.

1968-ல் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ராபர்ட் கிராஃப்ட் 73 மீட்டர் போனார். அவர் உடம்பை அளந்து பார்த்தவர்களுக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. ஆழத்தில் கை கால்களிலிருந்து ரத்தம் கிளம்பி நெஞ்சுக்குள் வந்து, சுருங்கிய நுரையீரல் விட்ட இடத்தை நிரப்பிக்கொள்கிறது. ரத்தத்தை நசுக்க முடியாதே! திமிங்கிலம், சீல் எல்லாம் செய்யும் அதே ஜாலம். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் இதயம் வேகத்தைக் குறைக்கிறது. மண்ணீரல் சேமித்து வைத்த சிவப்பணுக்களைப் பிழிந்து வெளியே விடுகிறது. நம் எல்லோருக்குள்ளும் ஒரு சீல் இருக்கிறது சார், ஃபைலுக்கு அடியில் தூங்குகிறது.

சந்தோஷப்பட்டு வீட்டுத் தொட்டியில் சோதனை ஆரம்பித்துவிடாதீர்கள். மூச்சு முட்டுகிறது என்று உடம்பு கூச்சல் போடுவது ஆக்ஸிஜன் தீர்ந்ததால் அல்ல, கரியமில வாயு சேர்ந்ததால். முன்னாலேயே புஸ் புஸ் என்று வேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவைத் துரத்திவிட்டால் கூச்சல் நின்றுவிடும். ஆக்ஸிஜன் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் தீர்ந்துவிடும். அலாரம் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்குகிற மாதிரி. அதுவும் ஆழத்திலிருந்து ஏறும்போது அழுத்தம் குறையக் குறைய இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனும் ரத்தத்துக்கு வராது. ஆகவே பல பேர் மயங்குவது கீழே அல்ல, மேலே வெளிச்சம் தெரிகிற கடைசிப் பத்து மீட்டரில். தனியாக இருந்தால் முடிந்தது கதை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே நீச்சல் குளத்தில் இப்படிப் போயிருக்கிறார்கள். இந்த விளையாட்டில் முதல் விதி, கடைசி விதி இரண்டும் ஒன்றுதான்: தனியாக இறங்காதே.

பஹாமாஸின் லாங் ஐலண்ட் தீவில் 'டீன்ஸ் புளூ ஹோல்' என்று கரையோரமாகவே ஒரு கிணறு. ஆழம் 202 மீட்டர். 2010 டிசம்பரில் நியூஸிலாந்தின் வில்லியம் ட்ருப்ரிட்ஜ் துடுப்புச் செருப்புக்கூட இல்லாமல் வெறும் கைகாலால் இங்கே 100 மீட்டர் போய்விட்டு வந்தார். நாலு நிமிஷத்துக்கு மேல். மேலே வந்தால் போதாது. போட்டி விதிப்படி 15 விநாடிக்குள் முகத்தில் இருப்பதைக் கழற்றி, கையால் 'ஓகே' காட்டி, 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று வாயாலும் சொல்ல வேண்டும். மூளை வேலை செய்கிறதா என்று தெரியவேண்டுமே!

அதே கிணற்றில் 2013 நவம்பர் 17-ல் நியூயார்க் இளைஞர் நிக்கலஸ் மெவோலி 72 மீட்டருக்கு இறங்கினார். வயது 32. 68 மீட்டரில் திரும்புவது போல நின்றவர், மனசு மாறி மறுபடி கீழே போனார். மேலே வந்தார், கண்ணாடியைக் கழற்றினார், கையால் ஓகே காட்டினார். அந்த வாக்கியம்தான் வரவில்லை. நுரையீரலுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. சுற்றி ஆட்கள், டாக்டர் எல்லோரும் இருந்தும் பிழைக்கவில்லை. பாக்கி நாலு மீட்டர். நம்மில் எத்தனை பேர் அந்த நாலு மீட்டரை விட்டுவிட்டுத் திரும்பியிருப்போம்?

★ ★ ★

2002-ஆம் வருஷம் கரிபியனில் இரண்டு பெண்கள்.

ஒருவர் கிராண்ட் கேமனில் பிறந்த டான்யா ஸ்ட்ரீட்டர். ஆகஸ்ட் 17-ல், டர்க்ஸ் அண்ட் கெய்கோஸ் தீவுகளில், கனமான வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கயிறு வழியாகச் சறுக்கி 160 மீட்டர் போய், பலூன் ஊதி மேலே வந்தார். அப்போது அங்கீகரிக்கப்பட்டிருந்த ஆண்கள் சாதனையும் அதோடு உடைந்தது.

இன்னொருவர் பிரான்ஸைச் சேர்ந்த ஆட்ரி மெஸ்ட்ரே. வயது 28. கணவர் பிப்பின் ஃபெரெராஸ், கியூபாவில் பிறந்த பிரபல சாம்பியன். அக்டோபர் 12-ல், டொமினிக்கன் குடியரசின் கடற்கரையில், 171 மீட்டருக்கு ஏற்பாடு. ஆட்ரி கீழே போனார், குறியைத் தொட்டார். பலூனை ஊதுவதற்கான வால்வைத் திறந்தார். பலூன் எழும்பவில்லை. சிலிண்டரில் போதுமான காற்று இல்லை.

மூன்று நிமிஷத்தில் வந்திருக்க வேண்டியவர், எட்டரை நிமிஷத்துக்கு அப்புறம் மேலே கொண்டுவரப்பட்டார். உயிர் இல்லை. அந்தச் சிலிண்டரை யார் நிரப்பியிருக்க வேண்டும், யார் சரி பார்த்திருக்க வேண்டும் என்ற சண்டை பின்னால் புத்தகங்களாகவே வந்தது. எனக்கு அந்தச் சண்டையில் புக ஆசையில்லை. நூற்றுக்கணக்கான மணி நேரம் பயிற்சி, காமிரா, படகுகள், கீழே பாதுகாப்பு டைவர்கள், எல்லாம் இருந்தன. அட்டையைப் பார்த்து ஒரு டிக் அடிக்கிற அந்த அலுப்பான வேலை மட்டும் அன்றைக்கு நடக்கவில்லை.

★ ★ ★

மூச்சடக்கி இறங்குவது கரிபியனுக்குப் புதிதல்ல. கொலம்பஸ் வருவதற்கு முன்பே பஹாமாஸில் லுகாயர்கள் என்ற மக்கள் இருந்தார்கள். மகா நீச்சல்காரர்கள். அதுவே வினையாகப் போயிற்று. வெனிசுவேலாவுக்குப் பக்கத்தில் குபாகுவா தீவைச் சுற்றி ஸ்பெயின்காரர்கள் முத்துப் படுகையைக் கண்டார்கள். இறங்க ஆள் வேண்டும். லுகாயர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடிமைச் சந்தையில் அவர்கள் விலை எக்கச்சக்கமாக ஏறியது. காலையிலிருந்து அஸ்தமனம் வரை தண்ணீரில். மேலே வந்து கொஞ்சம் அதிக நேரம் மூச்சு வாங்கினால் படகிலிருப்பவன் அடித்து மறுபடி உள்ளே தள்ளுவான். வாயில் ரத்தம் கக்கிச் செத்தார்கள். லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார் மனம் பொறுக்காமல் எழுதிய புத்தகம் 1552-ல் அச்சாகி, இந்தக் கொடுமையை உலகத்துக்குச் சொன்னது. அதற்குள் பஹாமாஸ் காலியாகிவிட்டது. குபாகுவாவின் முத்துச் சிப்பியும் தீர்ந்துவிட்டது.

அதே காரியத்தை மன்னார் வளைகுடாவிலும் காலம் காலமாகச் செய்தார்கள். கடலடிப் பாறைத் திட்டை 'பார்' என்பார்கள் நம் மீனவர்கள். முத்துக் குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து 'சர்'ரென்று பாருக்கு இறங்குவார். டான்யாவும் ஆட்ரியும் பிடித்துக்கொண்டு போன வண்டி வேறொன்றும் இல்லை, நம் கல்தான், கொஞ்சம் பாலிஷ் போட்டு. சிப்பியைப் பையில் அள்ளிக்கொண்டு கயிற்றைச் சுண்டினால் மேலே படகில் இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு நொடி அசந்தாலும் ஆள் போச்சு.

அந்த மேல் ஆள் யாராக இருக்க வேண்டும் என்பதற்கு நம்மவர்கள் ஒரு வழி வைத்திருந்ததாகச் சொல்வார்கள். அண்ணன் வேண்டாம், தம்பி வேண்டாம். சொத்தில் பங்கு கேட்கிற கை கயிற்றைப் பிடிக்கக் கூடாது. மச்சானைக் கூப்பிடு! கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தூங்கமாட்டான்.

தரச் சான்று, செக் லிஸ்ட், ஆய்வு அறிக்கை என்று இன்றைக்கு என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறோம். எல்லாம் சேர்ந்து அந்த மச்சான்தான். டைட்டனில் மச்சான் வேண்டாம் என்றார்கள். டொமினிக்கன் கடற்கரையில் மச்சான் ஒரு நிமிஷம் அசந்தார். குபாகுவாவில் கயிறே எதிரி கையில் இருந்தது.

ஆகவே என்றைக்காவது போனஸ் பலமாக வந்து, விசாவும் கிடைத்து, கேமன் போய் நீர்மூழ்கியில் ஏறினீர்கள் என்றால் மீனை அப்புறம் பாருங்கள். முதலில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே டிக் அடிக்கிறாரா என்று பாருங்கள். அடித்தால் நிம்மதியாக உட்காரலாம்.

இன்னொன்று. தீபாவளிச் சீர் தகராறில் மச்சானோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் சீக்கிரம் சமாதானம் ஆகிவிடுவது நல்லது. முத்துக் குளிக்கப் போகாவிட்டாலும் பரவாயில்லை.